முடியைக் கணினிக்குள் கொண்டுபோக எந்த வழி?

கையில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கணினி இருக்கிறது. ஆறு மாதம் அவகாசம். கண்டிஷனரில் சேர்ப்பதற்கு ஏழெட்டுப் பொருட்களை யோசித்து வைத்திருக்கிறீர்கள். இவற்றில் எது முடியில் நன்றாக ஒட்டும், எது அலசும்போதே போய்விடும், எது சீப்பு வழுக்கிப் போகும்படி செய்யும் என்று ஆய்வகத்துக்குப் போகும் முன்பே ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வகை சிமுலேஷனை எடுப்பது?

முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர்கள், சின்ன ஷாம்பு நிறுவனங்களின் ஃபார்முலேஷன் ஆட்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் மென்பொருளின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். குரோமாக்ஸா, லாம்ப்ஸா, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளா என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதற்கு இரண்டு மாதத்தை விலையாகக் கொடுத்தேன். ஆரோக்கியமான, சேதமே இல்லாத முடிப் பரப்பு ஒன்றைக் கணினியில் கட்டி, அதன் மேல் ஒரு கண்டிஷனர் மூலக்கூறு எப்படி ஒட்டுகிறது என்று கணக்குப் போட்டேன். இந்த மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு தலையும், எண்ணெயை விரும்பும் நீண்ட வாலும் உண்டு. வால் பகுதி கீழே, தலை மேலே என்று பலவீனமாகத்தான் ஒட்டியது. ஆய்வகத்தில் இருந்த தோழிக்கு நேர் எதிரான முடிவு: பொருள் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். கடைசியில்தான் தெரிந்தது, அவர் வைத்திருந்த முடிக்கற்றைகள் எல்லாமே ப்ளீச் செய்தவை. என் கணக்கும் சரி, அவர் அளவும் சரி. முடிதான் வேறு.

அதனால் முறைகளை ஒப்பிடும் முன்பு முடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு முடியின் விட்டம் சுமார் 50 முதல் 100 மைக்ரோமீட்டர். வெளியே ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்த செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் கனம். அந்தச் செதிலின் வெளிப்பரப்பில் ஒரு கொழுப்பு அடுக்கு வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. அதில் முக்கியமானது 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம். துறையில் எல்லோரும் 18-எம்.இ.ஏ. என்றுதான் சொல்வார்கள். 21 கார்பன் கொண்ட இந்த அமிலம், புரதத்தில் உள்ள சிஸ்டீனோடு தயோஎஸ்டர் பிணைப்பில் நிற்கிறது. அடுக்கின் தடிப்பு சுமார் ஒரு நானோமீட்டர்தான். முடி மேல் தண்ணீர் உருண்டு நிற்பதும், கை வைத்தால் வழுவழுவென்று இருப்பதும் இந்த ஒரு நானோமீட்டரால்.

ப்ளீச் செய்யும்போது காரத்தன்மையுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு இந்தத் தயோஎஸ்டர் பிணைப்பை அறுக்கிறது. கொழுப்பு போய்விடும். அது நின்ற இடத்தில் சல்ஃபோனேட் தொகுதி உருவாகும், அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. நிரந்தர ஹேர் டை போட்டாலும் இதே கதை, கொஞ்சம் மிதமாக. எண்ணெயை விரும்பி நீரை வெறுத்த பரப்பு, நீரை விரும்பி எண்ணெயை வெறுக்கும் பரப்பாக மாறிவிடுகிறது. கண்டிஷனரில் நேர்மின்னூட்டப் பொருட்களைப் போடுவதற்குக் காரணமே இதுதான்: சேதமான இடத்தைத் தேடிப்போய் ஒட்டும். ஆக, நீங்கள் எந்த முடிக்காகப் பொருள் செய்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சரி, இப்போது முறைகளுக்கு வருவோம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, ஒவ்வொரு அணுவையும் விடாமல் வைத்துக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியல். ஹைட்ரஜன் உட்பட எல்லா அணுவும் இருக்கும். அணுக்களுக்கு இடையே உள்ள விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி கொஞ்சம் நகர்த்தி, மறுபடி விசையைக் கணக்கிட்டு, மறுபடி நகர்த்துவது. ஒரு தடவைக்கு நகர்த்தும் காலம் வழக்கமாக 2 ஃபெம்டோவினாடி. ஒரு மைக்ரோவினாடியைப் பார்க்க இதை 50 கோடித் தடவை செய்ய வேண்டும்.

எவ்வளவு பெரிய இடத்தைப் பார்க்கலாம்? பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தில் தண்ணீரை நிரப்பினால் சுமார் 33,000 மூலக்கூறு, அதாவது ஒரு லட்சம் அணு. இன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று இந்த அளவுப் பெட்டியை ஒரு நாளைக்கு நூறு, இருநூறு நானோவினாடி ஓட்டிக்காட்டும். ஒரு மைக்ரோவினாடிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செதிலின் கனத்துக்கு இப்படி ஐம்பது பெட்டி அடுக்க வேண்டும். முடியின் விட்டத்துக்கு ஏழாயிரம் பெட்டி. நேரத்தைச் சொன்னால் இன்னும் மலைப்பாக இருக்கும்: குளிக்கும்போது தலையை ஒரு நிமிடம் அலசுகிறோம். அந்த ஒரு நிமிடத்தை இந்த வேகத்தில் ஓட்டினால் பதினோரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. எந்தக் கேள்வியை இந்த முறையிடம் கேட்கக் கூடாது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. அலசினால் போகுமா என்று நேராகக் கேட்காதீர்கள். ஆனால் 18-எம்.இ.ஏ. அடுக்கில் உள்ள சங்கிலிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா, சாய்ந்து கிடக்கின்றனவா என்று கேட்கலாம். தண்ணீர் பட்டால் அவை எப்படி மாறுகின்றன, கண்டிஷனர் மூலக்கூறின் தலை சல்ஃபோனேட்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று கேட்கலாம். சிங்கப்பூரின் உயர்திறன் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் இப்படித்தான் செய்தார்கள். முடிப் பரப்பை எளிமையாக்கி, அதில் கொழுப்பு அமிலச் சங்கிலிகளை நட்டு, எந்த இடைவெளியில் நட்டால் அடுக்கு எப்படி அமைகிறது என்று அணு அளவில் பார்த்தார்கள். பின்னால் வந்த பலருக்கும் அது அடித்தளம்.

இன்னொரு பலம், ஒரு மூலக்கூறைப் பரப்பிலிருந்து மெல்ல மெல்ல இழுத்து, ஒவ்வொரு தூரத்திலும் எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்று அளப்பது. இதற்கு நேரம் முழுவதையும் ஓட்டிக்காட்டத் தேவையில்லை. சின்னச் சின்னத் துண்டாக ஓட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பொருட்களில் எது வலுவாக ஒட்டும் என்று அடுத்தடுத்து வைத்துப் பார்க்க இது நம்பகமான வழி. ஆனால் ஏழெட்டுப் பொருட்களுக்கும், இரண்டு மூன்று வகைப் பரப்புகளுக்கும் செய்தால் உங்கள் ஆறு மாதமும் இதிலேயே கரைந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கில் எந்த அணுவுக்கு எவ்வளவு மின்னூட்டம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறோம், நடுவில் மாறாது. முடியின் மின்னூட்டம் பி.ஹெச். அளவைப் பொறுத்தது, நேரும் எதிரும் சமமாகும் புள்ளி 3.7க்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்டிஷனர்களின் பி.ஹெச். பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேதான். அதாவது, நிஜத்தில் எத்தனை தொகுதிகள் மின்னூட்டத்தோடு இருக்கின்றன என்பது மிக நுணுக்கமாக மாறும் இடத்தில் நாம் ஒரு எண்ணை எழுதி வைக்கிறோம். அந்த எண்ணை எப்படி முடிவு செய்தீர்கள் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து நன்றி சொல்வீர்கள்.

அடுத்தது, நான் இப்போது அதிகம் பரிந்துரைக்கும் வழி: அணுக்களைக் கொத்தாகச் சேர்த்து மணிகளாகப் பார்ப்பது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் மாரிங்கின் குழு உருவாக்கிய மார்ட்டினி இதில் மிகப் பிரபலம். ஹைட்ரஜனைத் தவிர்த்த நான்கு அணுக்களுக்கு ஒரு மணி, நான்கு தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு மணி. கண்டிஷனர்களில் வரும் செட்டில் டிரைமெத்தில் அமோனியத்தில் 62 அணுக்கள். மார்ட்டினியில் தலைக்கு ஒரு மணி, வாலுக்கு நான்கு, ஆக ஐந்தே மணி. ஒவ்வொரு அடியும் 20 ஃபெம்டோவினாடி வரை எடுத்து வைக்கலாம். பெட்டியும் பெரிதாகும், நேரமும் நீளும். தனியாக மிதந்த மூலக்கூறுகள் தாமாகக் கூடி, பரப்பில் படிந்து, ஓரடுக்காகி, பிறகு ஈரடுக்காவதைக் கண்ணால் பார்க்கலாம்.

முடிக்கென்றே இந்த வழியில் வந்த வேலைகளில் இம்பீரியல் கல்லூரி லண்டனும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும் சேர்ந்து செய்ததை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 2022இல் வந்த முதல் கட்டுரையில், முழுவதும் கொழுப்பு போர்த்திய பரப்பை எடுத்து, அங்கங்கே தயோஎஸ்டரை எடுத்துவிட்டு சல்ஃபோனேட்டை வைத்து, படிப்படியாகச் சேதப்படுத்தினார்கள். பிறகு தண்ணீர்த் துளியையும் ஹெக்ஸாடெக்கேன் என்ற எண்ணெய்த் துளியையும் வைத்து, துளி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்தார்கள். நிஜமான சேதமில்லாத முடியிலும் ப்ளீச் செய்த முடியிலும் அளந்த கோணங்களோடு ஒப்பிட்டு, எந்தச் சேத அளவு எந்த முடிக்குப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான். பொருளை ஒட்ட வைத்துப் பார்க்கும் முன்பே, முடி சரியான முடிதானா என்று சோதித்திருக்கிறார்கள்.

சர்ஃபாக்டன்ட் என்பது தலை நீரையும் வால் எண்ணெயையும் விரும்பும் மூலக்கூறு. அடுத்த ஆண்டு அதே பரப்புகளில் நேர்மின்னூட்ட சர்ஃபாக்டன்டையும், எதிர்மின்னூட்டம் கொண்ட சோடியம் டோடெசில் சல்ஃபேட்டையும் விட்டுப் பார்த்தார்கள். நேர்மின்னூட்டப் பொருள் இரண்டு கட்டமாக ஒட்டியது, முதலில் ஓரடுக்கு, செறிவு கூடினால் ஈரடுக்கு. சல்ஃபேட் பலவீனமாக மட்டும் ஒட்டியது. இரண்டு பரப்புகளை உரசவும் விட்டார்கள். ப்ளீச் செய்த முடிக்கு அந்தப் பூச்சு கிடைத்ததும் உராய்வு சேதமில்லாத முடியின் அளவுக்கு இறங்கியது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது: ஈரடுக்கு இருந்தாலும் ஓரடுக்கு இருந்தாலும் உராய்வு ஏறத்தாழ ஒன்றேதான், ஏனென்றால் அழுத்தி உரசும்போது மேலடுக்கு சுலபமாக வழிந்துவிடுகிறது. நிறையப் போட்டால் நிறைய வழுக்கும் என்று நினைத்துச் செறிவைக் கூட்டிக்கொண்டே போகும் ஃபார்முலேஷன் ஆட்களுக்கு இது நேரடியாக உதவும் செய்தி. ஆய்வகத்தில் சீப்பு இழுவையை மட்டும் அளந்திருந்தால் எண் கிடைத்திருக்கும், காரணம் கிடைத்திருக்காது.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. மார்ட்டினியின் பழைய பதிப்பில் தண்ணீர் மணிகள் அறை வெப்பநிலையை ஒட்டியே உறைந்துபோகும், அதுவும் தட்டையான பரப்புக்குப் பக்கத்தில் இன்னும் சீக்கிரம். நம் முடிப் பரப்பு தட்டையானதுதான். ஓட்டம் முடிந்து படத்தைத் திறந்து பார்த்தால் தண்ணீர் பனிக்கட்டியாக நிற்கும். சாதாரணத் தண்ணீர் மணிக்கு மின்னூட்டத்தை உணரும் தன்மையும் இல்லை. சல்ஃபோனேட் நிறைந்த பரப்புக்கு இது பெரிய குறை. 2010இல் வந்த, மின்முனைவு கொள்ளும் தண்ணீர் மணியைப் போட்டால் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் அதைத்தான் போட வேண்டும் என்பேன். சர்க்கரை வகை மூலக்கூறுகள் பழைய பதிப்பில் அளவுக்கு மீறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஷாம்புவில் வரும் பாலிகுவாட்டர்னியம்-10 செல்லுலோஸிலிருந்து செய்வது, அதாவது சர்க்கரைச் சங்கிலி. ஒட்டுவது நிஜமா, மணிகளின் பழக்கமா என்று தெரியாமல் போகும். 2021இல் வந்த மார்ட்டினி 3 இதையெல்லாம் நிறையச் சரிசெய்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்குவது நல்லது.

இப்போது பாலிமருக்கு, அதாவது மிக நீளமான சங்கிலி மூலக்கூறுகளுக்கு, வருவோம். இங்கேதான் தேர்வு உண்மையிலேயே கடினமாகிறது.

கண்டிஷனிங் ஷாம்பு எப்படி வேலை செய்கிறது என்பது அழகான விஷயம். பாட்டிலுக்குள் எதிர்மின்னூட்ட சர்ஃபாக்டன்ட் ஏராளம், நேர்மின்னூட்ட பாலிமர் கொஞ்சம். அந்த அடர்த்தியில் பாலிமர் கரைந்தே இருக்கும். தலையில் தேய்த்துத் தண்ணீர் ஊற்றியதும் கலவை நீர்த்துப்போகிறது. ஒரு கட்டத்தில் பாலிமரும் சர்ஃபாக்டன்டும் மின்னூட்டம் சமமாகி, கரைசலில் நிற்க முடியாமல் கொழகொழவென்று பிரிந்து முடியில் படியும். அதைக் கோவாசர்வேட் என்பார்கள். சிலிகான் துளிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போய் உட்காரவைப்பது அதுதான். அழுக்கை நீக்கும் அதே குளியலில் பூச்சும் கிடைப்பது இப்படித்தான்.

இந்த நிகழ்ச்சியை அணு அளவில் பார்க்க முடியாது. பாலிமரின் மூலக்கூறு எடை லட்சக்கணக்கான டால்டன். மார்ட்டினியில் சங்கிலியை வெட்டிச் சின்னதாக்கிப் பார்க்கலாம், ஆனால் சின்னச் சங்கிலி நீளச் சங்கிலி மாதிரி நடந்துகொள்ளாது. இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு.

ஒன்று, டி.பி.டி., அதாவது டிஸ்ஸிபேட்டிவ் பார்ட்டிக்கிள் டைனமிக்ஸ் என்ற முறை. இதில் மணிகள் இன்னும் பெரியவை, ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் புகுந்து போகும் அளவுக்கு மெத்தென்றவை. அதனால் பெரிய அடிகளாக எடுத்து வைத்து வேகமாக ஓடலாம். ஹூகர்ப்ருக்கும் கூல்மனும் 1992இல் தொடங்கிய இந்த முறையை நம் துறைக்குப் பழக்கியவர்கள் யூனிலீவர் ஆய்வகத்தில் இருந்த க்ரூட்டும் வாரனும்தான். எந்தப் பொருள் எதோடு கலக்கும் என்ற வேதியியல் அளவுகளிலிருந்து மணிகளின் தள்ளுவிசையை எப்படி எடுப்பது என்று 1997இல் காட்டினார்கள். 2003இல் க்ரூட் அதில் மின்னூட்டத்தையும் சேர்த்து, பாலிமரும் எதிர்மின்னூட்ட சர்ஃபாக்டன்டும் கூடுவதைப் பார்த்தார். சோப்பு, ஷாம்பு செய்யும் நிறுவனத்தின் தேவையிலிருந்தே வளர்ந்த முறை இது. சர்ஃபாக்டன்டுகள் உருண்டையாகக் கூடி மைசெல் உருவாவது, கண்டிஷனர் கிரீமில் கொழுப்பு ஆல்கஹாலும் சர்ஃபாக்டன்டும் அடுக்கடுக்காக நிற்பது, நீர்த்ததும் பாலிமர் பிரிவது ஆகியவற்றுக்கு டி.பி.டி.யை மிஞ்ச வேறில்லை. ஆனால் பரப்பில் தலை கீழா வால் கீழா, உரசினால் எவ்வளவு இழுவை என்று கேட்டால் மெத்தென்ற மணிகள் தரும் பதிலை நான் நம்ப மாட்டேன்.

இரண்டாவது எஸ்.சி.எஃப். என்ற தன்னிசைவுப் புலக் கணக்கு. இதில் எதுவும் ஓடாது. பரப்பிலிருந்து ஒவ்வொரு அடுக்கிலும் சராசரியாக எவ்வளவு பாலிமர், எவ்வளவு சர்ஃபாக்டன்ட், எவ்வளவு உப்பு இருக்கும் என்று சமநிலையை மட்டும் கணக்கிடும். ஷொய்ட்யென்ஸும் ஃப்ளீரும் நெதர்லாந்தின் வாகனிங்கனில் 1970களின் கடைசியில் கொண்டுவந்த முறை. சாதாரண லேப்டாப்பில் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். லோரியால் ஆய்வாளர்கள் மாட்ரிட் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, முடி மாதிரியான எதிர்மின்னூட்டப் பரப்பில் பாலிமர்-சர்ஃபாக்டன்ட் கலவை படிவதை இதில் கணக்கிட்டு, அளவீடுகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. படமாகக் காட்ட அழகான காணொளி எதுவும் கிடைக்காது, அதனால்தானோ என்னவோ. ஆனால் ஏழெட்டுப் பாலிமர்களை, ஐந்து உப்பு அளவில், மூன்று வகை முடிக்கு வரிசைப்படுத்தச் சொன்னால் ஒரே நாளில் முடித்துத் தரும் முறை இது ஒன்றுதான். அதன் குறை சமநிலையை மட்டும் பார்ப்பது. தலையை ஒரு நிமிடம் அலசும்போது சமநிலை வந்துவிடாது. பாலிமர் பாதி வழியிலேயே சிக்கிப் படியும், எந்த வரிசையில் கலந்தீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் வரிசையை நம்பலாம், அளவை நம்பக்கூடாது.

குவாண்டம் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தேவையில்லாமல் அதில் போய் விழுகிறார்கள். பிணைப்பு அறுவதும் உண்டாவதும்தான் உங்கள் கேள்வி என்றால் அதுதான் வழி: பெராக்சைடு தயோஎஸ்டரை எப்படி அறுக்கிறது, முடியை நேராக்கும் தயோகிளைகோலேட் டைசல்ஃபைடை எப்படி உடைக்கிறது, டை நிறமி எப்படி உருவாகிறது. சில நூறு அணுக்கள்தான் தாங்கும். ஒட்டுமா ஒட்டாதா என்ற கேள்விக்கு அது தேவையே இல்லை.

இயந்திரக் கற்றலும் அப்படித்தான் இப்போதைக்கு. படிக்க வைக்கத் தரவு வேண்டும். முடியில் எது எவ்வளவு படிந்தது என்ற தரவு பெரிய நிறுவனங்களின் பெட்டகத்துக்குள் இருக்கிறது. நீங்களே நூற்றுக்கணக்கில் அளவெடுத்து வைத்திருந்தால் தாராளமாக முயலுங்கள்.

ஆய்வகச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா, சிமுலேஷன் எதற்கு என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈரமுடியைச் சீவும் இழுவை, தண்ணீர்த் துளியின் கோணம், பரப்பைத் தடவி உராய்வை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கி எல்லாம் நிஜ முடியில் நிஜமாக அளப்பவை. ஒரே ஒரு பொருளைச் சரிபார்க்க வேண்டும் என்றால் நேராக ஆய்வகத்துக்கே போங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31க்குப் பிறகு அலசிவிடும் பொருட்களில் டி4, டி5 என்ற வளைய சிலிகான்களை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது மாதிரியான சூழலில், பழகிய பொருளுக்கு மாற்றாகப் பத்துப் புதுப் பொருட்களை எடைபோட வேண்டி வரும். அங்கே, எது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் பத்தை மூன்றாகக் குறைக்கலாம். சிமுலேஷன் தன் செலவை ஈட்டித் தருவது அப்போதுதான்.

நமக்கு நெருக்கமான ஒரு கேள்வியை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்: தேங்காய் எண்ணெய். 2001இல் பிரின்ஸ்டனில் உள்ள ஜவுளி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இந்திய ஆய்வாளர்கள், தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்குகிறது, மினரல் ஆயில் இறங்கவில்லை என்று நிறைநிறமாலை மூலம் காட்டினார்கள். 2003இல் மாரிக்கோ நிறுவனத்தின் ரேலேயும் மொஹிலேயும் தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். மாரிக்கோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும், முந்தைய ஆய்விலும் இவர்கள் இருவரும் பங்கெடுத்திருந்தார்கள். லாரிக் அமிலத்தின் டிரைகிளிசரைடு சின்னதாக, நேராக இருப்பதால் உள்ளே நுழைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்த விளக்கம் சரியா என்று பார்க்க எந்த முறை? எண்ணெய் இறங்குவது மணிக்கணக்கான வேலை, எதிலும் ஓட்டிக்காட்ட முடியாது. டி.பி.டி. உதவாது, ஏனென்றால் கேள்வியே மூலக்கூறின் வடிவத்தைப் பற்றியது. மெத்தென்ற மணிகளுக்கு வடிவம் அவ்வளவு தெரியாது. எஸ்.சி.எஃப். பரப்பில் படிவதைச் சொல்லும், நுழையும் தடையைச் சொல்லாது. செதில்களுக்கு இடையே 25, 30 நானோமீட்டர் தடிப்பில் ஒரு கொழுப்பு-புரதப் பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் கொழுப்புப் பகுதியை அணு அளவில் கட்டி, டிரைலாரின் என்ற அந்த லாரிக் டிரைகிளிசரைடு மூலக்கூறையும், சூரியகாந்தியில் அதிகமுள்ள லினோலிக் வகையையும், மினரல் ஆயிலின் ஒரு ஹைட்ரோகார்பனையும் தனித்தனியாக உள்ளே இழுத்து, எதற்குத் தடை குறைவு என்று அளக்கலாம். 119 அணு கொண்ட மூலக்கூறை இழுக்கச் சில வாரங்கள் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் மணிகளைச் சொன்ன நான் இங்கே அணு அளவைத்தான் சொல்வேன்.

அப்படியானால் தொடக்கத்தில் சொன்ன அந்த ஏழெட்டுப் பொருளும் ஆறு மாதமும்? அவை சின்ன சர்ஃபாக்டன்டுகள் என்றால் மார்ட்டினி 3. சேதமில்லாத ஒன்று, மிதமாக ப்ளீச் செய்த ஒன்று என இரண்டு பரப்பு கட்டுங்கள். முதல் மாதம் முழுவதும் தண்ணீர்த் துளியை மட்டும் வைத்து, கோணம் நிஜ முடியோடு ஒத்துப்போகும்வரை பரப்பைச் சரிசெய்யுங்கள். எவ்வளவு அவசரம் இருந்தாலும் இந்த மாதத்தைச் சுருக்காதீர்கள். அடுத்த மூன்று மாதம் பொருட்களை ஒட்டவைத்து, உரசிப் பாருங்கள். முன்னணியில் வரும் இரண்டை மட்டும் அணு அளவில் இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். பாலிமர்கள் என்றால் முதல் வாரம் எஸ்.சி.எஃப்., பிறகு எஞ்சிய மூன்று நான்குக்கு டி.பி.டி.யில் நீர்த்துப்போகும் பாதை. குரோமாக்ஸும் லாம்ப்ஸும் இலவசம். மார்ட்டினிக்கு முன்னது பழகியது, டி.பி.டி.க்குப் பின்னது வசதி. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இந்த வேலைக்குக் கட்டாயம் இல்லை. கல்வி நிறுவனத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டக் கணினிகளுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் நிறுவிய கணினிக்குப் பரம் பொருள் என்றே பெயர்.

இதோடு ஒரு சின்னச் சோதனையை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஒரே தலையிலிருந்து எடுத்த முடியில் இரண்டு கற்றை, ஒன்றை ப்ளீச் செய்யுங்கள். இரண்டையும் உங்கள் பொருளில் நனைத்து அலசிவிட்டு, எதிர்மின்னூட்டம் கொண்ட சிவப்புச் சாயத்தில் முக்குங்கள். நேர்மின்னூட்டப் பொருள் படிந்த முடியில் சிவப்பு ஏறும். எந்தப் பொருளுக்கு எந்தக் கற்றை எவ்வளவு சிவந்தது என்று தேதி போட்டுப் படம் எடுத்து, கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.